மூன்று பனைப் பிரசங்கம்

இன்றைக்குக் காலையில் எங்கள் விறாந்தையில் ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டி இருந்தது. யார் வைத்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. யாருக்கு வைத்தது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. எனக்கு என்பது என் கட்சி. தனக்கு என்பது மனுசியின் கட்சி. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வருவதற்குள் அவள் அதைத் தூக்கிக் குசினி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குப் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வேதாகமப் பாடசாலையில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தால் பிரசங்கப் பரீட்சையும் வரும். இருபத்திரண்டு வருசமாக அந்தப் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். வாய்விட்டுப் பழகுங்கோ, கட்டிலில் இருந்து மனதுக்குள் பிரசங்கிக்காதேயுங்கோ என்று ஒவ்வொரு வருசமும் சொல்லுவேன். பொடியளும் பழகுவார்கள். ஆனால் எங்கே பழகுவது? ஹொஸ்டலுக்குள் பழகினால் மற்றவன் செருப்பால் எறிவான். கிணற்றடியில் என்றால் நல்ல தண்ணிக்கு வருகிற அயல் சனம் வாளியோடு நின்று வேடிக்கை பார்க்கும். முன்பக்கம் போனால் பிள்ளையார் கோவில் லவுட்ஸ்பீக்கர் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். அதோடு போட்டி போட எலியா தீர்க்கதரிசியாலும் முடியாது. மிச்சம் இருப்பது பின்வளவுப் பனங்கூடல்தான். எங்கள் பொடியள் தலைமுறை தலைமுறையாகப் பனைகளைத்தான் மனந்திரும்பச் சொல்லி வருகிறார்கள்.

இந்த முறை முதலாம் வருசத்தில் ஒரு மலையகத்து, அட்டன் பக்கத்துத் தம்பி. நாங்கள் எல்லாரும் ‘சேர்’ என்றால் அவன் ஒருத்தன்தான் ‘சார்’ என்பான். தங்கமான பிள்ளை. வந்த முதல் மாசம் வெயிலில் வாடிப்போனான். காலையில் புட்டு, இரவில் புட்டு, இடையில் சோறு என்கிற எங்கள் குசினியைப் பார்த்து, “அக்கா, இங்க ரொட்டியே சுட மாட்டீங்களா?” என்று கேட்டான். குசினி அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. அவவுக்கு நான் வட்டுக்கோட்டைச் செமினறிக் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்தினேன். 1823 இல் அமெரிக்க மிசன்காரர் அதைத் தொடங்கினபோது சாதிமான் வீட்டுப் பொடியள் மிசன் வளவுக்குள் சமைத்ததைத் தொடமாட்டோம் என்று நின்றார்கள். குசினியை வெளியே, சைவக்காரருடைய காணியில் வைக்க வேண்டி வந்தது. அந்தக் காலத்துப் பொடியள் சமைத்த இடத்தில் பிழை பிடித்தார்கள், இவன் சமைத்த சாமானில்தானே பிழை பிடிக்கிறான், இது முன்னேற்றம் இல்லையா என்றேன். அவ சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சம்பலும் வரவில்லை.

செவ்வாய் விடிய ஐந்தே முக்கால் இருக்கும். கதவில் தட்டுச் சத்தம். எழும்பிப் போனால் அட்டன் தம்பி, மூச்சு வாங்க நிற்கிறான்.

“சார், கூப்பிட்டீங்களா?”

“நான் கூப்பிடேல்லையே. போய்ப் படும்.”

போனான். நான் திரும்பிப் போய்ச் சரிந்தேன். கண்ணாடி கட்டிலுக்குக் கீழே எங்கேயோ போயிருந்தது. ஐந்து நிமிசத்தில் திரும்பத் தட்டுச் சத்தம்.

“சார், கூப்பிட்டீங்க சார். ‘தம்பி தம்பி’ன்னு கேட்டுச்சு.”

“இல்லையடாப்பா. கனவு கினவு கண்டிருப்பீர். போய்ப் படும்.”

இதற்கு மேல் எவ்வளவு தெளிவாக ஒரு விசயத்தைக் காட்ட முடியும்? பையனை ஒரு குரல் கூப்பிடுகிறது. பையன் கண் மங்கின கிழவனிடம் ஓடி வருகிறான். கிழவன் ‘போய்ப் படுத்துக்கொள்’ என்கிறான். கர்த்தர் கூப்பிட, சிறுவன் சாமுவேல் கிழவன் ஏலியிடம் ஓடுகிற 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை இருபத்திரண்டு வருசமாக வரி வரியாகப் பிரித்துப் படிப்பித்த எனக்கு அது விளங்கவில்லை. நான் நித்திரை பறிபோன கோபத்தில் கிடக்கிறேன். மூன்றாந்தரம் கதவு தட்டினபோது, போர்வைக்குள்ளிருந்து மனுசியின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, ஏலியும் உங்களைப் போலத்தான் படுத்துக் கிடந்தவராம். போய்ச் சொல்லுங்கோ, அடுத்தமுறை கூப்பிட்டால் ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ எண்டு சொல்லச் சொல்லி.”

அவள் சொன்னது நக்கல். நான் அதை அப்படியே போய்ப் பொடியனிடம் சொன்னது அரை நித்திரை. அவன் அதை அப்படியே நம்பினதுதான் விசுவாசம்.

அவன் போன வேகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோச் லைற்றோடு பின்னாலே போனேன். பனங்கூடலுக்குள் இன்னும் அரை இருட்டு. காற்றுக்கு ஓலை சலசலத்துக்கொண்டிருக்கிறது. பொடியன் ஒரு பனைக்குக் கீழே முழந்தாளில் நிற்கிறான், கை இரண்டையும் விரித்துக்கொண்டு. மேலேயிருந்து குரல் கேட்டது. உண்மையிலேயே கேட்டது.

“தம்பி! தம்பி!”

“கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்!”

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,

“ஒண்டுமில்லை ராசா. கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும். காலடியிலை கான் இருக்கு, தட்டி ஊத்திப் போடுவீர்.”

எங்கள் பனையடி அண்ணை. மரமேறுகிற தளநார் காலில், கத்திக்கூடு இடுப்பில், பாளை சீவிக்கொண்டிருக்கிறார். பொடியன் பிரசங்க உருக்கத்தில் காலை எட்டி எட்டி வைக்க, கீழே வைத்திருந்த கருப்பணி, அதாவது புளிக்காத பதநீர், ஊற்றின கான் தப்பித் தப்பி நின்றிருக்கிறது. அதற்குத்தான் மனுசன் கூப்பிட்டது. கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் சொல்லி முடிக்க முதல் இவன் என்னிடம் ஓடி வந்திருக்கிறான். அவன் ஊரில் தேயிலை இடுப்பளவு. விடியப்புறம் மரத்து உச்சியில் ஆள் இருக்கும் என்று அவன் எங்கே கண்டான்?

(கருப்பணி என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். மிசன் வளவுப் பனையில் கள்ளு இறக்கக்கூடாது, பாளையில் கட்டுகிற முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கருப்பணிதான் இறக்கலாம் என்று எங்கள் கமிட்டி முடிவெடுத்து மினிட்ஸில் ஏற்றியிருக்கிறது. எவ்வளவு சுண்ணாம்பு என்பதற்கு மட்டும் அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் வாதம் நடந்தது. வாதாடினவர்களில் ஒருத்தருக்கும் முட்டியின் உட்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது.)

அண்ணை இறங்கி வந்தார். பொடியனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஒரு ஓலைப் பிளாவில் கருப்பணி வார்த்துக் கொடுத்தார். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தான், பாவமா இல்லையா என்று. குடி என்று தலையாட்டினேன்.

“சாமுவேலோ இந்த முறை?” என்றார் அண்ணை என்னிடம். “ஒவ்வொரு பங்குனிக்கும் ஆரோ ஒராள் சாமுவேலைக் கொண்டு வந்திடுவினம். நல்ல சத்தம் தம்பிக்கு. ஆனா நீளம். மூண்டு பனை ஓடிற்று, இன்னும் பொடியன் கட்டிலாலை எழும்பேல்லை.”

அப்போதுதான் தெரியவந்தது, இந்தக் கூடலில் பிரசங்கத்தை நிமிசத்தால் அளப்பதில்லை. ஒரு பனை ஏறி, பாளை சீவி, முட்டி மாற்றி இறங்க எடுக்கிற நேரம் ஒரு பனை. இரண்டு பனைப் பிரசங்கம் நல்லது. மூன்று பனை, கேட்கலாம். அதற்கு மேல் மனுசனுக்குத் தொழில் கெட்டுவிடும்.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். “நான் இஞ்சை படிக்கேக்கை எத்தினை பனை அண்ணை?”

“நீங்களோ மாஸ்டர்? ஏழு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார். “அப்ப பனையும் கூடத்தானே.”

அது உண்மை. யுத்தத்தில் பங்கருக்குத் தறித்தது போக, 95 இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது ஷெல் பட்டுத் தலை போன பனைகள் கம்பம் கம்பமாக நின்றன. அவர் எந்த இடத்தில் எது நின்றது என்று இப்போதும் கையைக் காட்டிச் சொல்லுவார். அந்தப் பனையில் இருந்துதான் இன்ன பாதிரி ஐயருடைய ‘கெட்ட குமாரன்’ கேட்டது, இந்தப் பனையில்தான் மற்றவருடைய ‘நல்ல சமாரியன்’ என்று. இப்போது பேராயர் கமிட்டியில் இருக்கிற இரண்டு பேருடைய முதல் பிரசங்கமும் அவருக்குத் தெரியும். எத்தனை பனை என்று நான் இங்கே எழுதமாட்டேன். எனக்கு உத்தியோகம் வேண்டும்.

கானைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர் நின்று, பொடியனிடம் ஒன்று கேட்டார்.

“தம்பி, எல்லாரும் ‘அடியேன் கேட்கிறேன்’ எண்டதோடை நிப்பாட்டி, பாட்டுப் பாடி முடிச்சுப் போடுவினம். பிறகு கர்த்தர் என்ன சொன்னவர்? முப்பது வருசமா நானும் பனையிலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் சொல்லுகினமில்லை.”

பொடியன் என்னைப் பார்த்தான். நான் ரோச் லைற்றை அணைத்து அணைத்துப் பார்த்தேன். கர்த்தர் சொன்னது ஏலியைப் பற்றி. வீட்டுக்குள் நடக்கிற அக்கிரமம் தெரிந்திருந்தும் அதை அடக்காமல் இருந்த கிழவனுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பு. சின்னப் பிள்ளை வாயால் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பொல்லாத செய்தி. அதைப் பிரசங்கித்தால் முன் வாங்கில் இருக்கிற ஐயர்மாருக்குக் கூச்சமாக இருக்கும் என்று, ‘அழைப்புக்குக் கீழ்ப்படிதல்’ என்ற தலைப்போடு நிறுத்தச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

“புதன்கிழமை பின்னேரம் பரீட்சை. சிற்றாலயத்துக்கு வாங்கோவன் அண்ணை” என்றேன். முப்பது வருசத்தில் அன்றைக்குத்தான் அவரை உள்ளே கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தில் 1847 இல் பேர்சிவல் பாதிரியாருடைய பள்ளிக்கூடத்தில் சீவல்தொழில் செய்கிற சாதிப் பொடியன் ஒருத்தனைச் சேர்த்ததற்கு மற்றப் பொடியள் கொதித்தெழும்பி வெளியேறினார்கள் என்று வருசா வருசம் திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, அந்தக் காலத்து ஆட்கள் அப்படி என்று ஒரு பெருமூச்சும் விடுவோம்.

“பின்னேரம் ஏறவெல்லோ வேணும் மாஸ்டர்,” என்றார். “மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்து விடுங்கோ. காணும்.”

அந்த ஜன்னலை எனக்குத் தெரிய ஒருத்தரும் திறந்ததில்லை. கள்ளு மணம் வருகிறது என்று முன்னொரு காலத்துக் கமிட்டி பூட்டினதாம். இறக்குவது கருப்பணி, மணப்பது கள்ளு. அதுவும் மினிட்ஸில் இருக்கும். புதன் மத்தியானம் நானும் பொடியனும் போய்ப் பார்த்தால் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, உள்ளே இருந்த குளவிக்கூட்டுக்குப் பயந்து ஓடி, திரும்ப வந்து, கடைசியில் ஒரு கதவு மட்டும் திறந்தது. மற்றது என் கையோடு வந்தது. அந்தக் கதைக்குக் கமிட்டி என்னைக் கூப்பிடும்போது தனியாக எழுதுகிறேன்.

பொடியன் பிரசங்கித்தான். ‘அடியேன் கேட்கிறேன்’ இல் நிறுத்தவில்லை. சாமுவேல் விடியுமட்டும் படுத்திருந்தான், கதவுகளைத் திறந்தான், சொல்லப் பயந்தான் என்று ஒவ்வொரு படியாகப் போனான். ஏலிக்கு வந்தபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. கண் என் பக்கம் வந்து போனது. கையில் பேனையும் புள்ளித் தாளும் இருந்தும் நான் ஒன்றும் எழுதவில்லை. வெளியே பனையில் யாரோ செருமினார்கள். முன் வாங்கில் ஒருத்தர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார், ஜன்னல் ஏன் திறந்திருக்கிறது என்று.

ஆமென் சொல்லி முடிய மேற்கிலிருந்து சத்தம் வந்தது.

“மாஸ்டர்! இரண்டரைப் பனை!”

சிற்றாலயம் முழுக்கச் சிரிப்பு. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கணக்கு விளங்கவில்லை.

“கடைசித் துண்டு காத்துக்குக் கேக்கேல்லை! அந்தக் கிழவன் பிறகு என்ன சொன்னவராம்?”

பொடியன் என்னைப் பார்த்தான். போ என்றேன். அங்கியோடே வெளியே போனான். கான் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதிலிருந்து நாலடி தள்ளி நின்று, அண்ணாந்து, ஏலி சொன்னதைச் சொன்னான். மேலே பாளை சீவுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், பனங்கட்டி ஜன்னல் திறந்தவனுக்கா, போர்வைக்குள் கிடந்து நக்கலடித்தவளுக்கா? ‘ஏலி எண்டு முதல் சொன்னது ஆர்?’ என்கிறாள். அட்டன் தம்பி தனக்கும் பங்கு இருக்கு சார் என்று சொல்லிப் பார்த்தான்; அவனுக்கு மட்டும் அலுமாரி ஒருதரம் திறந்தது. திறப்பு இப்போதும் அவளுடைய இடுப்பில்தான் இருக்கிறது.