அம்மாவின் முழங்காலை முன்வைத்து ஒரு ரீயூனியன் பயணம்

மொரீஷியஸில், எங்கள் ரோஸ் ஹில் வீட்டில், விடுமுறைப் பேச்சு எடுத்தாலே துபாய், பாரிஸ் என்றுதான் ஓடும். இந்த ஆகஸ்டுக்குப் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்குப் போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். விமானத்தில் முக்கால் மணி நேரம். கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம். ஆனால் அந்த மலைகளே வேறு. எங்கள் தீவின் மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர். அங்கே பித்தோன் தெ நேஜ் 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது.

2014இல் ஒருமுறை போய் ஏமாந்து திரும்பியிருக்கிறேன். இரண்டே நாளில் தீவு முழுவதும் என்று ஒரு முகவர் போட்டுக் கொடுத்த திட்டம் அது. மாஃபாத் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கலாம் என்று மய்தோ முனைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. எதிரே வெறும் வெள்ளை. மாஃபாத்துக்குள் மோட்டார் ரோடே கிடையாது. நடந்து போகவேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அதனால் மேலிருந்து பார்ப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி. அந்த வழியையும் மேகம் அடைத்துவிட்டது. வெயில் ஏற ஏற ஈரக்காற்று மலை மேல் ஏறி மேகமாகிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. எனவே இந்த முறை முதலில் எழுதி வைத்தது இதுதான்: மலைக்கு விடியற்காலையில், மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது கணக்கு அம்மா. வயது 74, இரண்டு முழங்காலிலும் வலி, வளைவான ரோட்டில் கார் போனால் தலைசுற்றல். சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் ரோட்டில் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். மனமில்லாமல்தான் அதைப் பட்டியலிலிருந்து அடித்தேன், அந்த ஊர்ப் பருப்பையாவது கடையில் வாங்கி வரவேண்டும்.

மேற்குக் கரையின் கடற்கரைகளையும் விட்டுவிட்டேன். கடல் எங்களிடமே இருக்கிறது. அங்கே சுறாத் தாக்குதல்களால் குளிப்பதற்கும் பல இடங்களில் கட்டுப்பாடு. ஆக, கிழக்குப் பக்கம். விமான நிலையத்திலிருந்து சேந்த் அந்த்ரே அதிக தூரமில்லை. சலாசி பள்ளத்தாக்குக்கு ரோடு பிரிவதும் அங்கேதான். கல்யாணப் பெண்ணின் முக்காடு என்று பெயர் வைத்த அருவியைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம். மலைச்சரிவெல்லாம் சௌசௌ கொடி. அங்கேயும் சூசூ என்றுதான் சொல்கிறார்கள், நம் வீட்டில் சொல்வது போலவே. மேலே எல்பூர் கிராமத்தில் இரண்டு இரவு.

சேந்த் அந்த்ரேயில் கோபுரத்தோடு தமிழ்க் கோயில் இருப்பதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோயில் இருக்குதில்ல? அப்ப நானும் வரேன், தம்பி." ரீயூனியனில் 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு, கிரியோலும் பிரெஞ்சும்தான். ஆனால் தீமிதியும் காவடியும் விட்டுப்போகவில்லை. என் பிள்ளைகளும் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள், தமிழைப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தக் கோயிலில் அவர்கள் நிற்பதை நான் பார்க்க வேண்டும். இந்தப் பயணத்தில் எனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் கேட்பது எரிமலை. அதற்குப் பூர் மியுரா ஊரில் ஓர் இரவு தங்கி, இருட்டோடு கிளம்பி, செம்மண் பாலைவனம் போன்ற பிளேன் தே சாப்ளைக் கடந்து, பெல்கோம் கணவாயில் நிற்க வேண்டும். காரை விட்டுச் சில அடி நடந்தாலே எரிமலையின் பெரிய பள்ளம் தெரியும். அம்மாவுக்கு அது போதும். ஆகஸ்டில் அங்கே விடியற்காலை நடுங்க வைக்கும். ஸ்வெட்டர், காலுறை, மங்கி குல்லா எல்லாம் எடுத்தாகிவிட்டது.

ஒரு விஷயம்: அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், நமக்கு இடது. முதல் நாள் மாலை இருட்டிய பிறகு ரோட்டில் இல்லாதபடி திட்டம். மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வர நினைக்கும் உறவினர்களுக்குச் சொல்வது: ரீயூனியன் பிரான்ஸைச் சேர்ந்ததுதான், ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் இல்லை. தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் தெற்கே இறங்கி, 2007இல் எரிகுழம்பு ரோட்டைக் கடந்து கடலில் விழுந்த இடம் வழியாகக் கிழக்குக் கரையில் திரும்புகிறோம். 1977இல் குழம்பு சுற்றி வளைத்தும் இடியாமல் நின்ற சேந்த் ரோஸ் மாதா கோயிலில் விளக்கேற்ற அம்மா மெழுகுவர்த்திகூட எடுத்து வைத்திருக்கிறார். விமானம் இரவில். அன்று மத்தியானத்துக்கு எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறேன். சேந்த் அந்த்ரே கோயிலுக்கு இன்னொரு தடவை போகணும் என்று அம்மா கேட்பார்.