சோசோவின் நைனா

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்டாலினின் இளமைக்காலம் பற்றிய தடித்த புத்தகம், அட்டை கிழிந்தது. (நம்ம ஊர் ஸ்டாலின் இல்லை. 1953 மார்ச்சில் இவர் பிறந்த அதே வாரம் செத்தாரே, சோவியத் ரஷ்யாவை ஆண்டவர், அவர்.) பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒரு மாசமாகப் படித்தேன்.

வீட்டில் கூப்பிட்ட பெயர் சோசோ. ஜார்ஜியாவில் கோரி என்ற சின்ன ஊர். அப்பா பெசோ செருப்பு தைப்பவர். இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடியில் தொழில் போனதும் திப்லிஸில் அடெல்கானோவ் ஷூ ஃபேக்டரிக்குக் கூலிக்குப் போகிறார். பையனையும் இழுத்துப் போய் அங்கேயே வேலைக்கு விடுகிறார். மகன் பாதிரியாராவதாவது, நம்ம தொழிலே போதும் என்று பிடிவாதம். அம்மா கேக்கே, ஊரார் துணி துவைத்துப் பிழைத்தவள், விடாமல் மல்லுக்கட்டி அவனை மீட்டு மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாள்.

என் நைனா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். பத்தாவது முடித்ததும் என்னையும் ஷூ கம்பெனியில் விட்டார். என்னை மீட்க யாரும் வரவில்லை. அம்மாதான் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

இன்னொரு ஒற்றுமை. சர்ச் பதிவேட்டில் அவர் பிறந்தது 1878 டிசம்பர். பிற்பாடு அவரே 1879 டிசம்பர் 21 என்று ஆக்கிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாசம் பிறந்தவர்கள், ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில்.

1894-ல் திப்லிஸில் பாதிரியார் படிப்புக்கான செமினரியில் சேர்கிறார். அடுத்த வருஷமே ‘இவேரியா’ பத்திரிகையில் அவர் கவிதைகள் வருகின்றன. அதில் ஒன்று நிலாவைப் பற்றி! 1899-ல் செமினரியை விட்டு வெளியே.

ஆனால் சோசோவை அவன் நைனா அடித்த அடியை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி, அதனால்தான் பின்னாளில் அத்தனை கொலை என்று கணக்குப் போடுவது எனக்கு ஒட்டவில்லை. எங்கள் தெருவில் குடித்துவிட்டு அடிக்காத நைனா ரெண்டு பேர் இருந்தால் அதிகம். அடி வாங்கினவர்களில் ஒருத்தன் கட்டிங் மாஸ்டர், ஒருத்தன் ஆட்டோ ஓட்டுகிறான், ஒருத்தன் பாஸ்டர்.

1935-ல் மகன் பார்க்க வந்தபோது, நீ பாதிரியாராகியிருக்கலாம் என்று கேக்கே வருத்தப்பட்டாளாம். இதை அம்மாவிடம் சொன்னேன்.

“அந்தம்மா அப்பவும் துணிதான் தொவைச்சிக்கினு இருந்துச்சா?”

இல்லம்மா, பெரிய அரண்மனையில் வைத்திருந்தார்கள், அவள் ஒரு சின்ன ரூமோடு இருந்துகொண்டாள் என்றேன்.

“பின்ன? அத்தினி ரூமையும் ஒண்டியா யாரு பெருக்கறது?”