விளக்கு வைக்கிற நேரத்து மாத்திரை

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் சாயங்கால விளக்கு ஏற்றியதும் அம்மா தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பாள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற அசிட்ரோம் மாத்திரை, 3 மில்லிகிராம். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் என் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. ஜிப்மரில் உலோக வால்வு வைத்த பிறகு அங்கே இருந்தவரை அந்த மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை. மணி பார்த்துப் போட்டதே கிடையாது. எங்கள் ஊரில் ஐப்பசியோ ஆனியோ, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருட்டிவிடும்.

கல்யாணமாகிப் பாரிசுப் புறநகருக்கு வந்தது ஒரு மார்கழியில். கணவரின் தாத்தா, 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். குடும்பத்தில் பாதிப்பேர் இங்கே, பாதிப்பேர் அங்கே. அந்தக் குளிரில் ஐந்து மணிக்கே இருட்டு. விளக்கு வைத்தேன், மாத்திரை போட்டேன். அதே மருந்துதான், இங்கே சின்ட்ரோம் என்று பெயர்.

பிசகு ஜூனில் வந்தது. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கும் வெளிச்சம். விளக்கு வைக்க மனசே வராது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுச் சோபாவில் சாய்ந்தால் கண் அசந்துவிடும். இரண்டு வாரத்தில் நாலு நாள் விட்டிருக்கிறேன் என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். தெருமுனை லேபில் காலையில் ரத்தம் கொடுத்திருந்தேன். மதியமே அவர்களாகக் கூப்பிட்டார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் எண், ஐ.என்.ஆர்., 1.6. எனக்கு இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5 வரை.

அன்றிரவு தூங்கவில்லை. அறை அமைதியானால் என் வால்வின் 'டிக், டிக்' எனக்கே கேட்கும். உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். உறைந்தது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒவ்வொரு டிக்குக்கும் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். எண் ஏறும்வரை தினமும் நர்ஸ் வீட்டுக்கு வந்து வயிற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் ஊசி போட்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. "எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்றுதான் கேட்டார். விளக்கு வைக்கிற நேரம் என்பதைக் கணவர் எப்படியோ பிரெஞ்சில் சொல்லிப் புரியவைத்தார். டாக்டரம்மா சன்னலைப் பார்த்தார், புரிந்துகொண்டார். எங்கள் தெரு மாதா கோயிலில் சாயங்காலம் ஏழுக்கு மணி அடிக்கும். அன்றிலிருந்து அதுதான் என் நேரம். மறந்தால் எட்டு மணி நேரத்துக்குள் போடலாம் என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் ஆனால் விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. விட்டதைச் சின்ன நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். இதே வகை மருந்தான வார்ஃபரினைவிட இந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் ஒருநாள் விட்டாலும் எண்ணில் தெரிந்துவிடும். இப்படி ரத்தச் சோதனை கேட்காத புது மாத்திரைகள் எனக்கு ஆகாது. அப்படி ஒன்றான தபிகாட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்தபோது ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஆடியில் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருக்கிறோம். மாமியாரின் அக்கா, பெரியத்தைக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை, அவரும் அசிட்ரோம்தான். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். வருஷம் முழுக்க ஒரு கீரையும் தொடாதவர், அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

"அம்மனுக்குப் படைச்சதும்மா, எப்படி விடறது?"

எனக்குப் பகீரென்றது. விரதத்தன்று வெறும் வயிறு என்று மாத்திரையையும் நிறுத்திவிடுவாராம். ஊரில் பலரும் சொல்வது போல எனக்கும் முதலில் "கீரையே ஆகாது" என்றுதான் சொல்லியிருந்தார்கள். கீரையில் இருக்கிற வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது நிஜம். ஆனால் பத்து மாதம் தொடாமல் இருந்து ஒருநாள் இரண்டு கிண்ணம் சாப்பிடுவதுதான் எண்ணைக் குலைக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், அதே ஒரு கரண்டி என்று சாப்பிட்டால், டாக்டர் அதற்கேற்ப மாத்திரை அளவைச் சரிசெய்துவிடுவார். பெரியத்தைக்கு இதை யாரும் உட்கார்ந்து சொன்னதேயில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் வந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டிப்போய்ச் சோதித்தோம். 1.4. அவருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். டாக்டர் அளவை மாற்றி எழுதினார். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட வந்தால் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். பெரியத்தை கையில் கட்டம் போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தேன். விளக்கு வைத்ததும் அவர் மாத்திரை, உடனே நோட்டில் ஒரு டிக்.

என் நேரத்தை இந்தக் கொஞ்ச நாளுக்காக மாற்றவில்லை. அங்கே ஏழு என்றால் இங்கே பத்தரை. வீடே உறங்கியிருக்கும். நேற்றுத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். இருட்டில், கட்டிலில் இருந்து பெரியத்தை குரல்.

"மணி பத்தரையாச்சே, போட்டுட்டியா?"