சிவிகை சுமந்தவனின் முற்பிறவி

துன்பப்படுகிற ஒருவரைப் பார்த்து, 'போன பிறவியில் செய்த பாவம்' என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அந்த ஒரு வாக்கியம் எத்தனை அநீதிகளுக்கு விளக்கமாகிவிட்டது என்பது வெகுகாலம் கழித்தே எனக்குப் புரிந்தது.

நல்லொழுக்கம் உடையோர் பிராமணர், சத்திரியர், வைசியர் கருவிலும், தீயொழுக்கம் உடையோர் நாய், பன்றி, சண்டாளர் கருவிலும் மறுபடி பிறப்பர் என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். மனிதரில் ஒரு பிரிவினரை விலங்குகளோடு ஒரே வரிசையில் நிறுத்திய அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

தமிழில் இந்த விவாதம் ஒரு குறளைச் சுற்றியே நடந்திருக்கிறது. 'அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை' என்பதற்கு, அறத்தின் பயனை நூல் கொண்டு உணர்த்த வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் செல்பவனையும் கண்டாலே விளங்கும் என்று பரிமேலழகர் உரை எழுதினார். அவ்விருவரிடையே 'அறத்தின் வழி இதுதான்' என்று கூற வேண்டா எனப் பிற்காலத்தில் வேறு சிலர் பொருள் கொண்டனர். 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று எழுதிய அதே புலவரின் குறள் என்பதால், இரண்டாவது உரையின் பக்கமே நான் நிற்கிறேன். முதல் உரையில் சுமப்பவனின் தோள்வலிக்கு அவனே பொறுப்பாளி ஆகிவிடுகிறான்.

பெரியபுராணத்தின் நந்தனாரை நினைத்துக்கொள்கிறேன். 'இன்னல்தரும் இழிபிறவி இதுதடை' என்று வருந்தி உறங்கிய அந்த அடியாருக்கு, தில்லைக் கோயிலுக்குள் நுழைய மறுபிறவிகூடப் போதவில்லை. இப்பிறவி நீங்கத் தீயில் மூழ்க வேண்டியிருந்தது.