பால் ஊற்றுவதற்கு முன்

முதியோர் இல்லத்தில் ஒருவர் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்ததும் மகனுக்குப் போன் போகும். "பட்டினியா போட்டிருக்கீங்க?" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், உடனே ட்ரிப் ஏறிவிடும். உடம்பு அடங்கும் நாட்களில் பசி குறைவது இயல்பு. ஏற்றுகிற தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் தங்கும். நாக்கு வறண்டேதான் கிடக்கும், வாயால் மூச்சு விடுவதால்.

கவனிக்க வேண்டியது வாயை. ஆறிய வெந்நீர் அரை லிட்டரில் உப்பும் ஆப்பச் சோடாவும் அரை அரை டீஸ்பூன். பல்செட்டைக் கழற்றிவிட்டு, விரலில் சுற்றிய காஸ் துணியை அதில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, கன்னத்தின் உட்புறம், நாக்கு, அண்ணம் என்று துடையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். ஆக்சிஜன் ஓடினால் எண்ணெய், வாசலின் இரண்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். எலுமிச்சை கலந்த கிளிசரின் வாயை இன்னும் காயவைக்கும். தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சை. டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

அடுத்தது சொந்தக்காரர்கள் பால் ஊற்ற ஸ்பூனோடு வரிசையில் நிற்பது. நினைவு தப்பியவருக்கு விழுங்கத் தெரியாது. பால் நேராக நுரையீரலுக்குப் போகும். பால் ஊற்றாதே என்று எந்தப் பேரனிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து கையில் கொடுங்கள், கீழுதட்டில் தொட்டு வைக்கட்டும். தொண்டை கரகரத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சளி உறிஞ்சும் சக்‌ஷன் குழாயை ஆழமாக விட்டால் புண்தான் மிச்சம்.

பெரிய தப்பு இனிமேல்தான். விழுங்க முடியாமல் போனதும் மாத்திரையை நிறுத்துவார்கள், அதோடு கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் நின்றுபோகும். வலி நிற்காது, புரட்டும்போது நெற்றி சுருங்குவதைப் பார்த்தாலே தெரியும். வயதானவர்களுக்கு மார்ஃபினைப் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை வாய்வழி 2.5 மி.கி. என்றுதான் தொடங்குவார்கள், கூடவே மலமிளக்கி. சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பில் தங்கிக் கைகால் வெட்டி இழுக்கும். அளவையும் இடைவெளியையும் டாக்டர் மாற்ற வேண்டும். விழுங்க முடியாதபோது மேல்மார்பில் தோலுக்கடியில் இறக்கை வைத்த சின்ன பட்டர்ஃபிளை ஊசி ஒன்று போதும். வாய்வழி அளவில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ அதில் போகும். 2014இல் போதைமருந்துச் சட்டம் தளர்ந்த பிறகும் தெருமுனை மெடிக்கலில் மார்ஃபின் கிடைப்பதில்லை. அதனால் பக்கத்து வலிநிவாரண மையத்தில் பெயரைப் பதிவது, அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டிய வேலை.