வராத பிள்ளையின் வீடு

ஆசிரியர் வேலையில் பாதி வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்வார்கள். வடசென்னையில் அது பாதிக்கும் மேல். பழைய வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவே இருந்த ஓர் எய்டெட் பெண்கள் பள்ளியில் தமிழ் மீடியம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். 1980களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பி.எட். படிக்கும்போது பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள், கரும்பலகையை எப்படிப் பிரித்து எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று நாளாக வராத பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அயர்லாந்து சிஸ்டர்.

பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிஸ்டர் என்றே எழுதுகிறேன். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் கப்பலில் மதராஸுக்கு வந்தவர். நான் சேர்ந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது, முழங்கால் வலி இருந்தது. மேல் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுத்தார். தமிழ் நன்றாகவே பேசுவார். "இன்னா டீச்சர், அந்தப் பொண்ணு இன்னிக்கும் வர்லியா?" என்று அவர் கேட்கும்போது புதிதாக வந்த ஆசிரியர்கள் திகைத்துப்போவார்கள்.

அவர் பிரசன்டேஷன் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் கதையை ஒரு மழைநாளில் ஸ்டாஃப் ரூமில் சொன்னார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தச் சட்டப்படி தடை இருந்தது. அந்தத் தடையை மீறி, கார்க் நகரத்துச் சந்துகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளிகள் தொடங்கியவர் நேனோ நேகிள். பகலெல்லாம் பள்ளிகள், இரவில் கையில் லாந்தரோடு நோயாளிகளின் வீடுகள் என்று அலைந்தவர். அந்த வேலையைத் தொடர்ந்து நடத்துவதற்காக 1775-ல் சபையைத் தொடங்கினார். அவர் இறந்த பிறகு 1805-ல் ரோமாபுரி சபைக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. கூடவே, கன்னியர்கள் மடத்தின் மதிலுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. தெருத்தெருவாக நடந்த ஒரு பெண் தொடங்கிய சபை, தெருவுக்கே போகமுடியாத சபையாகிவிட்டது.

1842-ல் அந்தச் சபையினர் மதராஸுக்கு வந்தார்கள். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம், கப்பலில் மாதக்கணக்கான பயணம். அப்போது கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் இறங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் பெண்பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதே பெரிய காரியம். ஆனால் அவர்களும் மதிலுக்குள் இருந்தவர்கள்தான். நம் சிஸ்டரும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் இருந்தாராம். பிள்ளைகள் காலையில் உள்ளே வருவார்கள், சாயங்காலம் வெளியே போவார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்பது அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் மட்டுமே. ஒருத்தி வராமல் போனால் ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டும்.

1962 முதல் 1965 வரை கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடி நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதையெல்லாம் மாற்றியது. துறவற சபைகள் தங்களைத் தொடங்கியவர்களின் முதல் நோக்கத்துக்குத் திரும்பட்டும் என்று சொன்னது. சிஸ்டருக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். வாசலைத் தாண்டி, மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்கு நடப்பது.

என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது எட்டாவது படித்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு. கணக்கில் நல்ல பிள்ளை. திடீரென்று நின்றுவிட்டாள். காலையிலேயே போகலாம் என்றேன். சிஸ்டர் வேண்டாம் என்றார். அம்மா நள்ளிரவு தாண்டியதும் ஹார்பருக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்று, மத்தியானம்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் தூங்குவார். அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் பேச்சு எப்படிச் சரியாக வரும்? அதனால் நாலு மணிக்கு மேல் போனோம்.

"வா டீச்சர், உள்ள வா" என்று அந்த அம்மா கூப்பிட்டார். உள்ளே இருந்த ஒரே நாற்காலியில் சிஸ்டர் உட்காரவில்லை. பாட்டி படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டியின் கால் வீக்கத்தைப் பற்றி விசாரித்தார். மீன் விலை பற்றிப் பேசினார். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கொடுத்த டீயைக் குடித்து முடித்தபோது அந்த அம்மாவே சொன்னார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் படுத்துவிட்டார். பெரியவளை வீட்டில் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. குழந்தை தூங்கும் நேரத்தில் பக்கத்து ஷெட்டில் இறால் உரிக்கப் போகிறாள், அந்தக் காசு வாரத் தண்டலுக்கு, அதாவது வட்டிக் கடனின் தவணைக்கு, சரியாகிவிடுகிறது.

ஒரு நாள் வேலையில் தீர்கிற விஷயமில்லை இது. பாட்டியை ரெய்னி ஆஸ்பத்திரியில் காட்ட ஏற்பாடு செய்தோம். கைக்குழந்தைக்கு பால்வாடியில் இடம் கேட்டு அலைந்தோம். தண்டல்காரரிடம் அந்த அம்மா தானே பேசித் தவணையை நீட்டிக்கொண்டார். பிள்ளை அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் திரும்பி வந்தாள். எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டு, மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு கல்யாணப் பேச்சு தொடங்கிய வீடுகளில் நாங்கள் தோற்றதுதான் அதிகம். அந்த வீடுகளுக்கும் மறுபடி போனோம், தங்கச்சிகளுக்காக.

சிஸ்டர் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் விதமே தனி. யார் வரவில்லை என்று மட்டும் பார்க்கமாட்டார், எந்தக் கிழமையில் வரவில்லை என்று பார்ப்பார். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே நாளில் லேட்டாக வந்தால் அன்றைக்குத் தண்ணி லாரி வந்திருக்கிறது. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பது இந்தப் பிள்ளைகள்தான். அந்த நாட்களில் கேட்டை மூடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். மழைக்காலத்தில் தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால், இருக்கிற ஒரே யூனிஃபார்ம் காயவில்லை. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லவில்லை. பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதியிருந்த சின்னச் சின்னக் குறிப்புகளிலிருந்து கற்றோம்.

அவர் செய்ததிலேயே பெரியது என்று நான் நினைப்பது வேறு ஒன்று. கொஞ்ச காலத்தில் வீடுகளுக்குப் போவதை அவரே குறைத்துக்கொண்டார். முழங்கால் வலி காரணமில்லை. வெள்ளைக்காரம்மா வந்தால் தெருவே கூடிவிடும். ஏதோ கொடுக்க வந்திருக்கிறார் என்று மக்கள் நினைப்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடரும் கோதுமை ரவையும் மிஷன் வழியாக விநியோகமான காலத்தின் ஞாபகம் அது. கேட்பவர், கொடுப்பவர் என்று ஆகிவிட்டால் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சே எழாது. "நீங்க போங்க. உங்ககிட்ட சண்டை போடுவாங்க, அதுதான் நல்லது" என்று எங்களை அனுப்பினார். கடல் கடந்து வந்து, வெளியே காலெடுத்து வைக்கவே பல வருடம் காத்திருந்தவர், பிள்ளைகளுக்கு நல்லது என்று தெரிந்ததும் அந்த நடையை எங்களிடம் கொடுத்துவிட்டார். ஊழியம் என்று நான் இதைத்தான் சொல்வேன். 1950களுக்குப் பிறகு வெளிநாட்டு மிஷனரிகளுக்குப் புதிதாக விசா கிடைப்பது கடினமாகிக்கொண்டே வந்தது. தனக்குப் பின் அயர்லாந்திலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதற்குத் தகுந்தபடி எங்களைத் தயார் செய்தார்.

நான் கிறிஸ்தவள் இல்லை. அதனால் மதமாற்றம் பற்றி உறவினர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பள்ளியில் இருந்த காலம் முழுக்க என்னிடம் யாரும் மதம் மாறச் சொன்னதில்லை, பிள்ளைகளிடம் சொன்னதையும் நான் பார்த்ததில்லை. அதற்காக வரலாற்றை மறைக்கவும் மாட்டேன். 1837-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆர்மேனியன் தெருவில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டே வந்தவர். அந்தப் பள்ளிதான் பின்னால் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-ல் தாம்பரத்துக்குப் போனது. ஆனால் அதே ஆண்டர்சன், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்ததற்காக மேல்சாதிப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்தியபோது, பள்ளியே காலியானாலும் சரி என்று நின்றார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. இரண்டையும் சேர்த்தே நான் பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் ஒரு பிள்ளை இன்னொருத்தியைத் தள்ளி உட்காரச் சொன்னால், சிஸ்டர் தன் தட்டோடு வந்து நடுவில் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குப் பேச்சு இருக்காது. மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாங்கள் போவோம்.

ரெய்னி ஆஸ்பத்திரியைச் சொன்னேன் அல்லவா, அதுவும் இப்படி வந்தவர்கள் கட்டியதுதான். ஆண் டாக்டரிடம் பெண்கள் காட்டமாட்டார்கள் என்ற காலத்தில், ஸ்காட்லாந்து டாக்டர் மட்டில்டா மெக்ஃபெயில் 1888-ல் சின்ன மருந்தகமாகத் தொடங்கினார். 1914-ல் இப்போதிருக்கும் ஆஸ்பத்திரி வந்தது. அதற்காகத் தன் நாட்டில் உழைத்த கிறிஸ்டினா ரெய்னியின் பெயர் வைத்தார்கள். அது புராட்டஸ்டன்ட் ஆஸ்பத்திரி, நம் சிஸ்டர் கத்தோலிக்கர். அந்த வித்தியாசம் எந்த நாளும் எந்தப் பாட்டிக்கும் குறுக்கே வந்ததில்லை.

எனக்கு வருத்தமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. இந்த நகரத்தில் மிஷன் பள்ளி என்றால் இன்று பலருக்கும் இங்கிலீஷ் மீடியமும் நுழைவு வரிசையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. தமிழ் மீடியம் செக்‌ஷன்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பிள்ளைகள் குறைந்தார்கள், பணியிடங்கள் குறைந்தன. பெற்றோர் ஆசைப்படுகிறார்கள் என்பது உண்மைதான். மீன்கூடை தூக்கும் அம்மாவுக்கும் தன் மகள் இங்கிலீஷ் பேசவேண்டும் என்ற ஆசை இருக்காதா? ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை அந்த வகுப்பில் பின்தங்கி, எட்டாவதில் நிற்கும்போது, அவள் வீட்டுக்குப் போக யாருக்காவது நேரம் இருக்கவேண்டும். அந்த நேரத்தை ஒதுக்காத பள்ளி, எந்தச் சபை நடத்தினாலும் எனக்கு வேறு மாதிரியான பள்ளிதான்.

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, 2021-ல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது எனக்கு மிகுந்த சந்தோஷம். எங்கள் தெருவிலும் தன்னார்வலர்களாகச் சேர்ந்த பெண்கள் சாயங்காலம் திண்ணையிலும் மாடியிலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அவர்களில் சிலர் என் பழைய மாணவிகள். அவர்களில் ஒருத்தி இப்போதும் வந்து ஆலோசனை கேட்பாள். பள்ளி திறந்த பிறகு வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாமா டீச்சர் என்று சென்ற முறை கேட்டாள்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். காசிமேட்டுப் பக்கம் பள்ளி திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது கூடிவிட்டது. வருமானம் நின்று தண்டல் ஏறும் அந்த நேரத்தில்தான் நோட்டும் பையும் வாங்கவேண்டிய ஜூன் மாதமும் வருகிறது. ஒரு பிள்ளையை நிறுத்திவிடலாம் என்ற முடிவு பெரும்பாலும் மே மாதத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதனால் மே முதல் வாரத்திலேயே கிளம்புங்கள். எட்டாவது, ஒன்பதாவது முடித்த பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போங்கள். நாலு மணிக்கு மேல், இரண்டு பேராக. டீ கொடுத்தால் குடியுங்கள்.