பிப்ரவரி 30 இருக்கும் நாட்காட்டி

வடகிழக்குப் பருவமழை எந்த வாரத்தில் உச்சம் தொடுகிறது என்று பார்க்க, யூகேஇஎஸ்எம்1 என்ற காலநிலை மாடலின், அதாவது பூமியின் காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரலின், தினசரி மழைத் தரவை எடுத்திருந்தேன். 1850 முதல் 2014 வரை, 165 ஆண்டுகள். பத்துப் பத்து ஆண்டாகச் சராசரி எடுத்து வரைந்தபோது பகீரென்றது. ஒவ்வொரு பத்தாண்டிலும் மழைக்காலம் ஐம்பது நாளுக்கு மேல் முன்னே நகர்ந்துகொண்டே வந்தது.

பருவமழை அப்படி ஓடாது என்று தெரியும். ஆனாலும் தவறு எங்கே என்று பிடிபடவில்லை. கடைசிப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2014 டிசம்பரில் நிற்க வேண்டியது 2012 ஆகஸ்ட் 18-இல் நின்றிருந்தது.

இந்தத் தரவு வரும் நெட்சிடிஎஃப் என்ற வகைக் கோப்பில் தேதிகள் தேதிகளாக இருப்பதில்லை. '1850 ஜனவரி 1-இலிருந்து இத்தனையாவது நாள்' என்ற எண்தான் இருக்கும். அந்த எண்களை மட்டும் உருவி, பைத்தான் நிரல்மொழியின் சாதாரணத் தேதியோடு கூட்டியிருந்தேன். பக்கத்திலேயே இருந்த நாட்காட்டிக் குறிப்பைப் படிக்கவில்லை: 360 நாள். அந்த மாடலில் எல்லா மாதத்துக்கும் 30 நாள்தான். பிப்ரவரி 30 உண்டு, அக்டோபர் 31 கிடையாது. 165 ஆண்டில் நம் நாட்காட்டிக்கும் அதற்கும் 865 நாள் வித்தியாசம். மார்கழி 29 நாளிலும் முடியும், ஆனி 32 நாளும் ஓடும் என்று பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நாட்காட்டிகளையும் புரிந்துகொள்ளும் சிஎஃப்டைம் என்ற பைத்தான் தொகுப்பின் தேதிகளுக்கு மாறியதும் மழை அதனதன் மாதத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். "பிப்ரவரி 30-ஐத் தூக்கிடலாமே" என்றார் உடன் வேலை பார்ப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த உலகத்தில் அது உண்மையான நாள். அன்றைய மழையும் அந்த மாடலின் கணக்கில் சேர்ந்தது. மாத மொத்தத்தை ஒப்பிட்டாலும் சிக்கல்தான்: அக்டோபரில் மாடலுக்கு ஒரு நாள் குறைவு, அதாவது சுமார் 3 சதவீதம். அதனால் இரண்டையும் ஒரு நாளுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டேன்.

எனக்கு இதைவிடப் பயம், லீப் நாளே இல்லாத 365 நாள் மாடல்கள்மேல்தான். அதில் இதே தவறு செய்தால் 165 ஆண்டில் 40 நாள்தான் பிசகும். பத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாள். அதை யாராவது பருவமாற்றம் என்றே நம்பிவிடக்கூடும். இப்போதெல்லாம் நான் வரையும் ஒவ்வொரு படத்தின் கீழ் ஓரத்திலும் நாட்காட்டியின் பெயரை எழுதிவிடுகிறேன்.